அம்மா திருப்பி வைத்த பலகை

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது என் அம்மா. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் கதை நன்றாக இல்லை என்று யாராவது சொன்னால் பழி போட ஆள் வேண்டும்.

அம்மா இதுவரை என்னை எழுதச் சொன்னதே இல்லை. எழுதாதே என்றுதான் சொல்லியிருக்கிறாள். விடுதிக் குழாயில் தண்ணீர் நின்றுபோனதற்குக் கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் நான் ஓர் இரங்கல் செய்தி எழுதினேன் ('நேற்றுவரை சொட்டிக்கொண்டிருந்தவர் இன்று காலை ஓய்ந்தார்'). அது முதல்வர் அறை வரைக்கும் போய், அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தபோது, "உனக்கு இந்தக் கொழுப்பு எங்கிருந்துடா வந்துச்சு?" என்று கேட்டவள் அவள். அப்படிப்பட்டவள் போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் அறைக் கதவில் சாய்ந்து நின்று, காய்ந்த துணியை மடித்துக்கொண்டே (மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்), "நீதான் கதையெல்லாம் எழுதுவியே" என்றாள்.

"எழுதுவேன்."

"எங்க ஸ்கூல் ஆண்டு மலருக்கு ஒண்ணு எழுதிக் குடேன்."

"என்ன கதை?"

"நான் சொல்றேன். ஆனா நான் சொன்ன மாதிரி இருக்கக் கூடாது. யாரைப் பத்தின்னு யாருக்கும் தெரியக் கூடாது."

"அப்புறம் எதுக்கு எழுதணும்?"

"ஒருத்திக்கு மட்டும் தெரியணும்."

இதில் ஒரு நல்ல நகைச்சுவைக் கதை கிடைக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றியது. அம்மா சொல்லச் சொல்ல இரண்டு இடத்தில் சிரிக்கவும் செய்தேன். (அந்த இரண்டு இடமும் கீழே வரும். நீங்களும் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.)

ஓர் ஏற்பாடு. இனிமேல் 'அம்மா' என்று வந்தால் எங்கள் வீட்டில் இருப்பவள். 'கணக்கு டீச்சர்' என்று வந்தால் கதையில் இருப்பவர். இருவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது அம்மா போட்ட நிபந்தனை.

2

தொடக்கம் ஒன்று:

'கதிரவன் தன் பொற்கரங்களால் அந்த விளையாட்டு மைதானத்தை'

வேண்டாம். ஆண்டு மலர் என்றதும் கை தானாக அந்தப் பக்கம் போகிறது.

தொடக்கம் இரண்டு:

'கணக்கு டீச்சருக்குப் பதினைந்து வரைக்கும் எண்ணத் தெரியாது.'

நல்ல தொடக்கம். படித்தவுடன் அடுத்த வரிக்குப் போகத் தோன்றும். அம்மா படித்தாள். அடுத்த வரிக்குப் போகவில்லை. தாளை மேசையில் வைத்துவிட்டு, அடுப்பில் என்னவோ இருப்பதாகச் சொல்லிப் போனாள். அடுப்பில் எதுவும் இல்லை.

தொடக்கம் மூன்று, அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது:

'அன்று கடுமையான வெயில். ஆசிரியைக்குக் காலையிலிருந்தே தலைவலி.'

"தலைவலி இருந்துச்சாம்மா?"

"அவ்வளவு வெயில்ல வராமயா இருந்திருக்கும்?"

"வந்துச்சா, வரலையா?"

"கதைதானேடா. வந்ததா வச்சுக்கோ."

வைத்துக்கொள்ளவில்லை. தலைவலி வரவில்லை. வெயிலும் சுமார்தான். டீச்சர் உட்கார்ந்திருந்த இடத்தில் துணிப்பந்தல் வேறு போட்டிருந்தார்கள்.

3

பள்ளிக்கூடம், நகரத்துக்குள்ளும் சேராமல் வெளியிலும் சேராமல், பேருந்துகள் வந்து திரும்பிப் போகிற கடைசி நிறுத்தத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் டயர் கடை. இன்னொரு பக்கம் யாரோ கட்ட ஆரம்பித்து மறந்துபோன கட்டடம். அரசாங்கப் பள்ளி. வாசலில் நுழைந்ததும் இடது கைப் பக்கச் சுவரில், பொதுத் தேர்வில் முதலிடம் வாங்கியவர்களின் புகைப்படங்கள். அத்தனை பேரும் பாஸ்போர்ட் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டவர்கள் போல முழிக்கிறார்கள். வலது கைப் பக்கம் கோப்பைகள் வைத்த கண்ணாடி அலமாரி. அதன் சாவி தொலைந்து பல வருஷம் ஆகிவிட்டதால், அதற்குப் பிறகு ஜெயித்த கோப்பைகள் எல்லாம் அலமாரியின் தலைமேல் நிற்கின்றன.

ஆசிரியர் அறையிலும் இதே இடது வலது உண்டு. படிப்புக் கட்சி, ஓட்டக் கட்சி. படிப்புக் கட்சிக்குக் கணக்கு டீச்சர் தலைவி. ஓட்டக் கட்சியில் இருப்பவர் ஒரே ஒருவர், பி.டி. மாஸ்டர். தலைவரும் தொண்டரும் அவரே.

கணக்கு டீச்சர் வாரத்துக்கு ஒரு நாளாவது விளையாட்டு வகுப்பின் வாசலில் போய் நிற்பார். "மாஸ்டர், இன்னிக்கு மட்டும். ஒரே ஒரு பாடம் பாக்கி இருக்கு."

"டீச்சர், நீங்க எங்கிட்ட வாங்கின பீரியட் எல்லாத்தையும் சேர்த்தா, ஒரு புள்ள ஒண்ணாவதுல சேர்ந்து பத்தாவது முடிச்சு வெளிய போயிருக்கும்."

"நீங்க விளையாட விட்ட புள்ளைங்க எல்லாம் பத்தாவதுலயே உக்காந்திருக்காங்களே மாஸ்டர்."

சண்டை இல்லை. அடுத்தவர் செய்வது உபயோகமில்லாத வேலை என்று இருவருமே மனதார நம்பினார்கள். ஒரே அறையில் காலம் தள்ள அவ்வளவு மரியாதை போதும்.

பக்கத்துப் பள்ளிகளையும் அழைத்து அந்த மைதானத்தில் ஓட்டப் போட்டி நடந்தது. அதற்கு முந்தின நாள் பி.டி. மாஸ்டர் தானாகவே கணக்கு டீச்சரிடம் வந்தார்.

"டீச்சர், பொண்ணுங்க மூவாயிரம் மீட்டருக்குச் சுத்து எண்ணணும். நீங்க உக்காருங்க. நம்ம மைதானம் சின்னது, பதினைஞ்சு சுத்து வரும்."

"எனக்கு ஓட்டத்தைப் பத்தி என்ன தெரியும்?"

"ஓட்டத்தை யாரு கேட்டா? எண்ணுங்க, போதும். போன வருஷம் தமிழய்யாவை உக்கார வச்சேன். புள்ளைங்க ஒரு சுத்து சேர்த்து ஓடிட்டாங்க. என்னய்யா இதுன்னு கேட்டா, 'ஓட்டம் நல்லா இருந்துச்சு மாஸ்டர், நிறுத்த மனசு வரல'ங்கறார்."

(என் முதல் சிரிப்பு இங்கே.)

வேலை இதுதான். ஓடுபாதையின் முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மரச்சட்டம். அதன் ஆணியில் எண்கள் எழுதிய பலகைகள் ஒன்றன் பின் ஒன்றாகத் தொங்கும். முதலில் ஓடுகிறவள் கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் முன்பலகையைக் காலண்டர் தாள் போலப் பின்னால் தள்ள வேண்டும். இன்னும் எத்தனை சுற்று பாக்கி என்று ஓடுகிறவளுக்குத் தெரியும். பின்னால் தள்ளுவது சுலபம். தள்ளியதை முன்னால் இழுப்பது அதைவிடச் சுலபம்.

கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பார்கள் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வீர்கள். பள்ளியில் இருந்தது ஒரே மணி. அது அன்றைக்கு மேடையில் இருந்தது, சிறப்பு விருந்தினர் பேச்சை நீட்டினால் அடிப்பதற்கு. (அவர் நீட்டினார். யாருக்கும் அடிக்கத் தைரியம் வரவில்லை.)

4

இப்போது அந்தப் பெண் வர வேண்டும். இவளைத்தான் எனக்கு நம்ப முடியவில்லை.

ஆள் இருக்கிறாள். பள்ளியில் எல்லோரும் 'ஒட்டடை' என்று கூப்பிடுகிறார்கள், ஒட்டடைக் குச்சி போல இருப்பாள் என்பதால். கடைசி வருஷம் படிக்கிறாள். நீண்ட ஓட்டத்தில் அவளை அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரும் பிடித்ததில்லை. கணக்கில் அவள் யாரையும் பிடித்ததில்லை.

என் சந்தேகமெல்லாம், இவளைப் பற்றி வாசகருக்கு எப்படிப் பரிதாபம் வரவைப்பது என்பதில். படுத்த படுக்கையாய் ஒரு அப்பா கொடுக்கலாமா? காலில் செருப்பில்லாமல்

அம்மா குறுக்கே வந்தாள். "அவங்க அப்பா நல்லாத்தான் இருக்கார். மின்சார ஆபீஸ்ல வேலை. போன மாசம்கூட ஸ்கூலுக்கு வந்து என்கிட்ட அரை மணி நேரம் பேசினார்."

"என்ன பேசினார்?"

"பொண்ணு ஓடுறதை நிறுத்திட்டா கணக்கு வருமான்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

அம்மா மடித்த துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆகவே, அப்பா நலம். செருப்பும் உண்டு, ஓடுவதற்குத் தனியாக ஒரு ஜோடிகூட. ஒட்டடைக்கு இந்தக் கதையில் ஒரே ஒரு குறைதான் கிடைக்கும், அவளுடைய டீச்சர். [கணக்கு டீச்சர் ஒருமுறை வகுப்பு முன்னால் அவளை நிற்க வைத்து, "உனக்குக் கடவுள் எல்லாத்தையும் கால்லயே வச்சுட்டான், மேல எதுவும் மிச்சம் இல்ல" என்றார். வகுப்பு சிரித்தது. ஒட்டடையும் சிரித்தாள். 'இதை எழுதாதே' என்று அம்மா சொன்னதால் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறேன்.]

5

ஓட்டம்.

கணக்கு டீச்சர் நாற்காலியை மரச்சட்டத்தின் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். கைப்பையிலிருந்து விடைத்தாள் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.*

(* ஆசிரியர் குடும்பத்தில் பிறக்காதவர்களுக்கு: திருத்தாத விடைத்தாள் ஆசிரியரின் உடம்பில் ஓர் உறுப்பு. கல்யாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூடவே வரும். என் காதுகுத்துப் படத்தில் நான் அழுகிறேன், பக்கத்தில் அம்மா யாருக்கோ இரண்டு மதிப்பெண் குறைக்கிறாள்.)

பத்துச் சுற்று வரைக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒட்டடை நீலச் சட்டையில் முன்னால் வருவாள், டீச்சர் பலகையைத் தள்ளுவார், குனிந்து அரைக் கேள்வி திருத்துவார், நிமிர்வார், ஒட்டடை வருவாள். படிப்பும் விளையாட்டும் ஒரே மடியில் சமாதானமாக இருந்த அபூர்வமான பத்து நிமிஷம் அது.

பலகையில் ஐந்து. ஒட்டடை கடந்தாள். நான்கு.

டீச்சர் குனிந்தார். ஒரு பையன் கணக்கை அழகாகப் போட்டுக்கொண்டு வந்து, கடைசி வரியில் ஒன்று கூடுதலாகக் கூட்டியிருந்தான். வழிமுறை முழுக்கச் சரி, விடை தப்பு. எவ்வளவு குறைப்பது? ஒன்றா, ஒன்றரையா? பேனா தாள்மேல் நின்றது. கண்ணோரத்தில் ஒரு நீலச் சட்டை போனது. கை தானாக எழுந்து பலகையைத் தள்ளியது. மூன்று.

அது ஒட்டடை இல்லை. ஒட்டடைக்கு முக்கால் சுற்று பின்னால், எல்லோருக்கும் கடைசியாக ஓடிவந்துகொண்டிருந்தவள். அதே பள்ளி, அதே நீலம்.

(அந்த விடைத்தாள் ஒட்டடையுடையது என்று எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும். எழுதியும் பார்த்தேன். "அவ எங்கேடா கடைசி வரி வரைக்கும் வந்திருக்கா?" என்று அம்மா கேட்டாள். கேட்டுவிட்டு, அதையும் சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல உதட்டைக் கடித்துக்கொண்டாள்.)

ஒட்டடை வந்தாள், இரண்டு. ஒட்டடை வந்தாள், ஒன்று.

அந்த ஒன்றைப் பார்த்ததும் அவள் ஓட்டமே மாறியது. அதுவரை சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் எடுத்து ஒரே சுற்றில் செலவழித்தாள். பின்னால் வந்த மற்ற பள்ளிப் பெண்கள் மூவரும் பலகையைப் பார்க்கவில்லை. அவர்களுடைய மாஸ்டர்கள் கயிற்றோரத்தில் நின்று தொண்டை கிழிய எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒட்டடையின் மாஸ்டர் மேடையில் மைக் சரிசெய்துகொண்டிருந்தார்.

ஒட்டடை கோட்டைத் தாண்டினாள். டீச்சர் கடைசிப் பலகையையும் பின்னால் தள்ளினார். சட்டத்தின் முன்பக்கம் எதுவும் இல்லை. ஒட்டடை நாலு தப்படி நடந்து, இடுப்பில் கை வைத்து, அப்படியே புல்லில் மல்லாந்து விழுந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் வந்தவர்கள் நிற்கவில்லை. "இன்னும் ஒண்ணு இருக்கு! விடாதே, விடாதே!" என்று அவர்களுடைய மாஸ்டர்கள் கத்துவது கேட்டது. கணக்கு டீச்சர் மைதானத்தைப் பார்த்தார். எதிர்க் கோடியில் இன்னொரு நீலச் சட்டை தள்ளாடித் தள்ளாடி வந்துகொண்டிருந்தது. அவர் போடாத கணக்கு இல்லை. இதைப் போட அரை நொடி ஆனது.

அடுத்து வருகிற வாக்கியத்தை நான் பல விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன்.

'பலகை முன்னால் வந்தது.' (யாரும் தொடாமல்.)

'காற்றில் பலகை ஆடி முன்பக்கம் விழுந்தது.' (அம்மாவின் விருப்பம் இது.)

'பதற்றத்தில் டீச்சரின் கை பட்டு'

கணக்கு டீச்சர், யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு, ஒன்று என்று எழுதிய பலகையை முன்னால் இழுத்து வைத்தார்.

6

பி.டி. மாஸ்டர் மேடையிலிருந்து குதித்து ஓடிவந்தார்.

"ஏய், ஏண்டி படுத்துட்டே? எந்திரி! போர்டைப் பாரு, இன்னும் ஒரு சுத்து இருக்கு! கண்ணு எங்கே இருக்கு உனக்கு?"

ஒட்டடை தலையைத் தூக்கிப் பலகையைப் பார்த்தாள். ஒன்று. பிறகு டீச்சரைப் பார்த்தாள்.

டீச்சர் குனிந்து, கையில் இருந்த தாளில் ஏதோ ஒரு விடைக்குச் சரி போட்டார். அது சரியான விடைதானா என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது.

ஒட்டடை எழுந்து ஓடினாள். படுத்து எழுந்த காலுக்கு ஓட்டம் திரும்ப வரவில்லை. அவள் நாலாவதாக வந்தாள்.

மறுநாள் ஆசிரியர் அறையில் யாரோ சொன்னார்கள்: "கணக்குல பெயிலாகிறவளுக்குச் சுத்து மட்டும் எண்ண வருமா?" அறையே சிரித்தது. (என் இரண்டாவது சிரிப்பு இங்கே.)

"நீயும் சிரிச்சியாம்மா?"

"சேச்சே."

இது முதல் பிரதியில். மூன்றாவது பிரதியை நான் படித்துக்காட்டிக்கொண்டிருந்தபோது, இந்த இடத்தில் அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சிரிச்சேன்."

"ம்."

"எல்லாரும் சிரிக்கும்போது நான் மட்டும் சிரிக்காம இருந்தா தெரிஞ்சுடுமேடா."

7

பி.டி. மாஸ்டர் கெட்டவர் இல்லை. கோபக்காரர், அவ்வளவுதான். அவர் ஒட்டடையை நீண்ட ஓட்டத்திலிருந்து எடுத்துவிட்டார். "நீ இனிமே நூறு மீட்டர் ஓடு. அதுல எண்ண ஒண்ணுமில்ல. கோட்டைப் பாத்தா நில்லு."

நூறு மீட்டரில் ஒட்டடை, அவள் கால்கள் விரிந்து வேகம் எடுப்பதற்குள் ஓட்டம் முடிந்துவிடுகிறது. கடைசியாக வருகிறாள். வெளியூரில் நடக்கும் பெரிய போட்டிக்குப் பள்ளியின் சார்பில் ஆள் எடுக்க, மூவாயிரம் மீட்டருக்கு ஒரு தேர்வு ஓட்டம் வைக்கப்போகிறார்கள். அதில் அவள் இல்லை. அடுத்த வருஷம் அவள் அந்தப் பள்ளியிலேயே இருக்க மாட்டாள்.

இதுவரைக்கும் எழுதிவிட்டு நான் ஒரு கேள்வி கேட்டேன். கதைக்காகக் கேட்டதுதான், வேறு எண்ணம் எதுவும் இல்லை.

"மலர் எப்பம்மா வரும்?"

"பரீட்சை எல்லாம் முடிஞ்சு. டி.சி. வாங்க வரும்போது ஆளுக்கு ஒண்ணு குடுப்பாங்க."

"தேர்வு ஓட்டம்?"

அம்மா சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். பிறகு அதையும் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

"அம்மா, எப்போ?"

"வெள்ளிக்கிழமை."

ஒட்டடைக்கு மட்டும் புரிய வேண்டிய கதை, எல்லாம் முடிந்து அவள் கிளம்புகிற அன்றைக்கு அவள் கைக்குக் கிடைக்கும். டீச்சர் சொன்னதாகவும் ஆயிற்று. யாருக்கும் எதுவும் மாறாது. எனக்கு அப்போதுதான் உறைத்தது: அம்மா என்னைக் கதை எழுதச் சொல்லவில்லை. இன்னொரு பலகையைத் திருப்பி வைக்கச் சொல்லியிருக்கிறாள். நானும் வாக்கிய அழகு பார்த்துக்கொண்டு அதைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

(மேலே உள்ள பத்தியை எழுதியபோது ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக இருப்பதாக நினைத்தேன். இப்போது படிக்கக் கூச்சமாக இருக்கிறது. இருக்கட்டும்.)

8

முடிவுகள். அம்மா திருத்தித் தந்தபடி.

(அ) பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒட்டடை பெரிய வீராங்கனை. கழுத்தில் பதக்கத்தோடு மைக்கைப் பிடித்து, "என்னை எண்ணக் கற்றுக்கொடுத்தது என் கணக்கு டீச்சர்" என்கிறாள்.

சிவப்பு மையில் அம்மா: 'அசிங்கமா இருக்கு.'

(ஆ) காலை வணக்கக் கூட்டத்தில், பள்ளி முழுவதற்கும் முன்னால், கணக்கு டீச்சர் மேடையேறி உண்மையைச் சொல்கிறார். ஒரு நிமிஷம் மௌனம். பிறகு ஒரு மூலையிலிருந்து கைதட்டல் கிளம்பி

"கை தட்டுவாங்களாடா?" அம்மா நிஜமாகவே கேட்டாள். முகத்தில் கொஞ்சம் ஆசைகூட இருந்தது.

"தட்ட மாட்டாங்கம்மா."

"ஆமா. தட்ட மாட்டாங்க."

(இ) நடைவழியில் ஒட்டடை தனியாக வந்து டீச்சரின் முன்னால் நிற்கிறாள். "எனக்கு அப்பவே தெரியும் டீச்சர். நீங்க பலகையை முன்னால இழுத்து வச்சதைப் பாத்தேன். பரவால்ல டீச்சர், விடுங்க" என்கிறாள். டீச்சரின் கண்கள் கலங்குகின்றன.

இது எனக்குப் பிடித்த முடிவு. அளவாக இருக்கிறது. அம்மா இதை இரண்டு தடவை படித்தாள். பிறகு தாளின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் சிவப்பில் ஒரே கோடாக இழுத்தாள், முதல் வரியிலேயே தப்பான கணக்கை அடிப்பதுபோல.

"ஏம்மா?"

"அவ வந்தா."

"எங்கே?"

"நடைவழிக்குத்தான். ஓட்டம் முடிஞ்ச மறுநாள். நீ எழுதின மாதிரியேதான் வந்து நின்னா."

"என்ன சொன்னா?"

அம்மா பேனாவை மூடினாள். திறந்தாள்.

"'ஸாரி டீச்சர், நான்தான் நம்பரைத் தப்பாப் பாத்துட்டேன்'னா."

அம்மாவே தொடர்ந்தாள்.

"அவ கண்ணால ஒண்ணுன்னு பாத்திருக்கா. சரியாத்தான் பாத்திருக்கா. ஆனா நம்பர் விஷயத்துல நானும் அவளும் ரெண்டு விதமாச் சொன்னா, தப்பு அவளோடதாத்தான் இருக்கும்னு அவளுக்கே தோணியிருக்கு. இத்தனை வருஷமா நான் அதைத்தானே சொல்லிக்குடுத்திருக்கேன்?"

"நீ என்னம்மா சொன்னே?"

"சொல்லியே ஆகணுமா?"

"கதைக்குத் தேவையில்ல."

"'பரவால்ல, அடுத்த தடவை கவனமாப் பாரு'ன்னேன்."

சொல்லிவிட்டு அம்மா என்னைப் பார்த்தாள். நான் சிரிப்பேனா என்று பார்த்திருக்க வேண்டும். என்னிடம் எல்லாவற்றுக்கும் ஒரு நக்கல் தயாராக இருக்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு என் கையில் ஒன்றும் இல்லை.

9

வியாழக்கிழமை சாயங்காலம் பி.டி. மாஸ்டர் தொலைபேசியில் கூப்பிட்டார். அம்மா காய் நறுக்கிக்கொண்டே ஒலிபெருக்கியில் போட்டாள்.

"டீச்சர், நாளைக்கு ஸ்கூல் விட்டதும் தேர்வு ஓட்டம். பலகைகிட்ட நீங்களே உக்காந்துடுங்க. உங்களை விட்டா எண்ண ஆளு யாரு இருக்கா?"

"சரி மாஸ்டர்."

"ரொம்ப நன்றி டீச்சர்."

"மாஸ்டர்." கத்தி நின்றது. "அந்த ஒட்டடைப் பொண்ணு?"

"அவளா? அவளை முடிவுக் கோட்டுல கயிறு பிடிக்கச் சொல்லியிருக்கேன். எங்கேயாவது நிக்கட்டும் பாவம்."

"சரி மாஸ்டர்" என்றாள் அம்மா மறுபடியும். இணைப்பு துண்டிக்கப்பட்ட பிறகும் அந்தக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொல்லிவிடுவாள் என்று நான் நினைத்தேன். அந்த இடத்தில் ஓர் எழுத்தாளன் அப்படித்தான் வைத்திருப்பான். அம்மா மறுபடி காய் நறுக்க ஆரம்பித்தாள்.

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் அம்மா கிளம்பும்போது பார்த்தேன், மேசைமேல் விடைத்தாள் கட்டு அப்படியே இருந்தது.

"அம்மா, பேப்பரை விட்டுட்டே."

"இருக்கட்டும்."

எனக்கு நினைவு தெரிந்து அம்மாவின் கைப்பை அவ்வளவு ஒட்டிப்போய்த் தொங்கி நான் பார்த்ததில்லை. செருப்பை மாட்டினாள். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள்.

"அந்தக் கதை முடிஞ்சுதா?"

"முடிவு மட்டும் பாக்கி."

"நான் சொல்லிட்டு வந்தேன்னா அதைக் கிழிச்சுப் போட்டுடு. நேர்ல சொன்னப்புறம் அது எதுக்கு, அதுல பாதி என் மானம் இருக்கு."

"நீ சொல்லாம வந்தேன்னா?"

அம்மா மறுபடி போய்க் கேட் கொண்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"மலருக்குக் குடுத்துடு. தலைவலி, வெயில் எதுவும் சேர்க்காதே. இருக்கிறபடியே குடு."

போய்விட்டாள்.

10

இப்போது பள்ளி விட்டு வெகு நேரம் ஆகிவிட்டது. ஓட்டமும் முடிந்திருக்கும். அம்மா அங்கே பலகையின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், கோட்டில் ஒட்டடை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள், இருவருக்கும் நடுவில் நாலு தப்படி இருந்திருக்கும். அந்த நாலு தப்படியை அம்மா நடந்தாளா இல்லையா என்பதுதான் இந்தக் கதையின் முடிவு. அதை என்னால் எழுத முடியாது. நான் இங்கே கேட் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மேசையில் ஒரு பக்கம் விடைத்தாள், ஒரு பக்கம் இந்தத் தாள்கள்.

வாசகரே, நான் முதல்முறையாக யாரும் படித்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு ஒரு கதையை எழுதியிருக்கிறேன். அம்மா சொல்லியிருந்தால் இது உங்கள் கைக்கு வந்திருக்கவே கூடாது.

வந்துவிட்டது.

அதற்கு இரண்டு காரணங்கள்தான் இருக்க முடியும். ஒன்று, அம்மா சொல்லாமலே திரும்பி வந்தாள், நான் அவள் சொன்னபடி மலருக்குக் கொடுத்தேன். அல்லது, அம்மா அந்த நாலு தப்படியை நடந்து, பி.டி. மாஸ்டர் காதுபடச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து முகம் கழுவினாள். அவள் பெற்ற மகன், கதை நன்றாக வந்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, கிழிக்கிறேன் என்று தலையாட்டிவிட்டுக் கிழிக்காமல் ஒளித்து வைத்து, அச்சுக்குக் கொடுத்தான்.

எது என்று நான் சொல்லப்போவதில்லை. நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஒரே ஒரு வேண்டுகோள்.

குழாய்க்கு இரங்கல் எழுதியவன் எதையும் செய்வான். இரண்டாவதையே நம்புங்கள்.